ஸ்டெரொயிட் மருந்தும் அதனைக் கைவிடும் முறையும்

"விருந்தும் மருந்தும் மூன்று நாள்" என்பது எம் முன்னோர் வழங்கிய பழமொழி. தடிமன், தலையிடி முதலிய சிறு நோய்களுக்கு இது நன்கு பொருந்தும். நோய் தணிந்ததும் மருந்தை விட்டுவிடலாம். யாதொரு தீங்கும் நேராது. ஆயின், மாதக்கணக்காக உட்கொண்டபின் ஒரே நாளில் நிறுத்தினால் உயிருக்கே இடர் விளைக்கும் மருந்தும் உண்டு. ஸ்டெரொயிட் எனப்படும் மருந்து அத்தகையது. தொய்வு, முடக்குவாத மூட்டழற்சி, குடலழற்சி, தோலழற்சி முதலிய நெடுநாள் நோய்களுக்கு அது இன்று எங்கும் வழங்கப்படுகின்றது. கல்லூரி மலருக்கு வைத்தியம் பற்றி ஒரு கட்டுரை வேண்டுமென மலர்க்குழுவினர் எம்மைக் கேட்டபோது, வேறெப்பொருளினும் இப்பொருளே எம் நெஞ்சில் முந்தி நின்றது. அதற்குக் காரணம் உண்டு.

நண்பர் ஒருவருக்கு நேர்ந்தது

எம்முடன் இக்கல்லூரியில் ஒரே வாங்கில் அமர்ந்து படித்த நண்பர் ஒருவர், பல்லாண்டுகள் ஆசிரியராய்ப் பணியாற்றி இளைப்பாறியவர். அவருக்கு முடக்குவாத மூட்டழற்சி வந்தது. காலையில் எழுந்தால் விரல்களை மடக்க ஒரு மணி நேரத்துக்கு மேற் செல்லும். வெண்கட்டி பிடித்த கையாற் சட்டைப் பொத்தானையும் பூட்ட இயலாதிருந்தது. யாமே அவருக்கு வைத்தியம் பார்த்தோம். பிரெட்னிசொலோன் என்னும் ஸ்டெரொயிட் குளிசையைத் தொடங்கினோம். சில நாட்களுள் வீக்கம் வற்றியது. நண்பர் மீண்டும் மிதிவண்டியில் ஏறிக் கோயிலுக்குப் போய்வரலானார். அதன்பின் ஓராண்டுக்கு மேலாக நாளொன்றுக்கு 10 மில்லிகிராம் உண்டு வந்தார்.

ஐப்பசி மாதத்துக் கந்தசஷ்டி வந்தது. ஆண்டுதோறும் விரதம் பிடிப்பவர் அவர். உணவையே ஒறுக்கின்ற ஆறு நாளிலும் குளிசை எதற்கு, நோயுந்தான் தணிந்துவிட்டதே என்று எண்ணி, முதல்நாளே குளிசையை நிறுத்திவிட்டார். மூன்றாம் நாள் உடல் சோர்ந்தது. நான்காம் நாள் குமட்டலும் வாந்தியும் தோன்றின. விரதக் களைப்பென்றே வீட்டார் எண்ணினர். ஐந்தாம் நாள் மாலை பூசைக்கு எழுந்தவர் கண்ணிருண்டு விழுந்தார். வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றபோது குருதியமுக்கம் மிகத் தாழ்ந்திருந்தது. கடமையிலிருந்த இளம் வைத்தியர், "இவர் வழமையாக என்ன மருந்து பாவிப்பவர்?" என்று வினவினார். மனைவியார் கைப்பையிலிருந்த குளிசை உறையை எடுத்துக் காட்டினார். அக்கணமே ஹைட்ரோகோர்ட்டிசோன் 100 மில்லிகிராம் ஊசிமூலம் ஏற்றப்பட்டது. உப்புநீரும் நாளம் வழியே செலுத்தப்பட்டது. மறுநாட் காலை நண்பர் கட்டிலில் எழுந்து அமர்ந்து, சூரன்போர் எத்தனை மணிக்கு என்று கேட்டார்.

யாம் அருகே நின்றோம். அவர் எம்மை நோக்கி, "இந்தக் குளிசையை எப்படி உண்பதென்று நீர் எனக்குச் சொன்னீர், எப்படி விடுவதென்று சொல்லவில்லையே" என்றார். சினந்து கூறவில்லை, இருந்தபடியே கூறினார். அச்சொல்லுக்கு விடையாகவே இக்கட்டுரையை எழுதுகின்றோம்.

மருந்து பிறந்த வரலாறு

அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்து ரொசெஸ்டர் நகரில் மேயோ வைத்திய நிலையம் உள்ளது. அங்கு பணிபுரிந்த பிலிப் ஹென்ச் என்னும் வைத்தியர், 1929ஆம் ஆண்டில் ஒரு புதுமையைக் கண்டார். மூட்டழற்சியால் வருந்திய ஒருவருக்குச் செங்கமாரி வந்தபோது மூட்டுநோய் தானே தணிந்தது. கருவுற்ற பெண்களிடத்தும் இவ்வாறு நோய் தணிவதை அவர் பின்னர் கண்டார். ஆகவே, உடல் தானே சுரக்கும் ஏதோவொரு பொருள் இந்நோயை அடக்குகின்றது என அவர் கருதினார். அதே நிலையத்தில் எட்வேட் கெண்டல் என்னும் இரசாயன அறிஞர், மாட்டின் அதிரீனற் சுரப்பிகளிலிருந்து பல பொருள்களைப் பிரித்தெடுத்து வந்தார். அவற்றுள் ஒன்றே பின்னர் கோர்ட்டிசோன் எனப் பெயர் பெற்றது. சுவிற்சலாந்திலே பேசல் நகரில் ராய்க்ஸ்ரைன் என்பாரும் இவ்வாராய்ச்சியைத் தனித்து நடத்தினார்.

1948ஆம் ஆண்டு செப்டெம்பர் 21ஆந் திகதி, முடக்குவாத மூட்டழற்சியால் நடக்கவும் இயலாதிருந்த இளம் பெண்ணொருத்திக்கு அம்மருந்து முதன்முதல் ஊசிமூலம் ஏற்றப்பட்டது. ஒரு வாரத்துக்குள் அவர் எழுந்து கடைத்தெருவுக்குச் சென்று வந்தார். உலகம் வியந்தது. 1950ஆம் ஆண்டில் மூவருக்கும் வைத்தியத்துக்கான நோபெல் பரிசு வழங்கப்பட்டது. 1955 அளவில் பிரெட்னிசோன், பிரெட்னிசொலோன் என்னும் வலிமை மிக்க மருந்துகள் வழக்குக்கு வந்தன.

வியப்பு அடங்குமுன்னரே குறைகளும் வெளிப்பட்டன. மருந்தை நிறுத்தியதும் நோய் மீண்டது. முகம் உப்பியது, எலும்பு நலிந்தது, குருதியில் வெல்லம் கூடியது. 1952ஆம் ஆண்டில் அமெரிக்க வைத்தியச் சங்கத்தின் இதழில் ஒரு செய்தி வெளியாயிற்று. கோர்ட்டிசோன் உண்டுவந்த மூட்டழற்சி நோயாளி ஒருவர், இடுப்புமூட்டில் சத்திரசிகிச்சை செய்யப்பட்டபின், மீளாத அதிர்ச்சி நிலையெய்தி இறந்தார். அவருடைய அதிரீனற் சுரப்பிகள் சுருங்கிக் கிடந்தன. மருந்தை விடுவதும் ஒரு வைத்தியமே என்னும் பாடத்தை வைத்திய உலகம் அன்று முதலே கற்கத் தொடங்கியது.

சுரப்பி உறங்கும் விதம்

எமது இரு சிறுநீரகங்களின் மேலும் தொப்பி கவிழ்த்தாற்போல அதிரீனற் சுரப்பிகள் இரண்டு உள. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 5 கிராம் நிறையே உடையது. அதன் மேற்பட்டை கோர்ட்டிசோல் என்னும் ஓமோனைச் சுரக்கின்றது. இந்த ஓமோன் குருதியமுக்கத்தைத் தாங்குகின்றது. பசித்த வேளையில் குருதி வெல்லம் குறையாமற் காக்கின்றது. காய்ச்சல், காயம், அதிர்ச்சி முதலியன வரும்போது பன்மடங்காகச் சுரந்து உயிரைப் பேணுகின்றது. நாள்தோறும் விடியற்காலையில் இது மிகுந்தும் நள்ளிரவிற் குறைந்தும் இருக்கும். குளிசையைக் காலையில் உண்ணுமாறு வைத்தியர் கூறுவது இவ்வொழுங்கை ஒட்டியே.

சுரப்பி தானாக இயங்குவதன்று. மூளையின் அடியிலுள்ள பரிவகக்கீழ் கபச்சுரப்பியை ஏவும். கபச்சுரப்பி அதிரீனற் சுரப்பியை ஏவும். குருதியிற் கோர்ட்டிசோல் போதியதாயின் இவ்விரு ஏவல்களும் அடங்கும். குறைந்தால் மீண்டும் எழும். வெளியிலிருந்து குளிசை நாள்தோறும் வந்துகொண்டிருப்பின், ஏவல் நெடுநாள் அடங்கியே கிடக்கும். ஏவுவாரின்றிச் சுரப்பி சுருங்கும்.

"இறைக்கின்ற கிணறே ஊறும்" என்பதை எம் ஊரார் நன்கறிவர். குழாய்நீர் வந்தபின் இறையாமல் விட்ட கிணற்றில் ஊற்றுக்கண் தூர்ந்துவிடும். பின்னொருநாள் குழாய் நின்றால் உடனே அக்கிணறு நீர் தராது. தூர் வாரி, நாள்தோறும் சிறிது சிறிதாக இறைத்து, ஊற்றைத் திறக்க வேண்டும். அதுவரையும் குழாய்நீரைச் சிறிது சிறிதாகவே குறைக்க வேண்டும். ஸ்டெரொயிட்டைக் குறைக்கும் முறையின் தத்துவம் இதுவே.

இறங்கும் படிகள்

முதலாவதாக, எவருக்கு இம்முறை வேண்டும் என்பதை அறிதல் நன்று. தொய்வு கடுமையானபோது சில நாட்களுக்கு மட்டும் வழங்கப்படும் குளிசையைப் பொதுவாக அந்நாள் முடிந்ததும் நிறுத்தலாம். மூன்று நான்கு வாரங்களுக்கு மேல், உடலின் இயல்பான தேவையை விஞ்சிய அளவில் உண்டவரே சுரப்பி உறங்கியிருக்கக்கூடியவர். உடல் நாளொன்றுக்குச் சுரப்பது ஏறக்குறைய 4 முதல் 6 மில்லிகிராம் பிரெட்னிசொலோனுக்கு ஈடாகும். இவ்வெண்ணை மனத்திற் கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

இரண்டாவதாக, நோய் அடங்கியிருக்க வேண்டும். அதனை அடக்கி வைத்திருக்க வேறொரு மருந்தும் வேண்டும். முடக்குவாத மூட்டழற்சிக்கு அத்தகைய மருந்துகளுள் முதன்மையானது மெதொட்ரெக்சேற். அதன் பயன் தோன்றப் பல வாரங்கள் செல்லும். ஆகையால் ஸ்டெரொயிட், அம்மருந்து வேலை செய்யத் தொடங்கும்வரை இடும் தற்காலிகப் பாலமே. பாலத்திலேயே குடியிருத்தல் தகாது. மெதொட்ரெக்சேற் வாரத்துக்கு ஒருமுறை மட்டும் உண்ணத்தக்கது என்பதையும் இங்கு வற்புறுத்துகின்றோம். நாள்தோறும் உண்டால் அது நஞ்சாகும்.

மூன்றாவதாக, உயரத்தில் விரைவாகவும் அடிவாரத்தில் மெதுவாகவும் இறங்க வேண்டும். நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் உண்பவர் வாரந்தோறும் 5 மில்லிகிராம் குறைத்தாலும் உடல் பொதுவாகத் தாங்கும். 20க்குக் கீழே குறைப்பு சிறிதாதல் வேண்டும். 10க்குக் கீழே ஒவ்வொரு மில்லிகிராமாக, சில வாரங்களுக்கு ஒருமுறை குறைப்பதே வழக்கம். 40இலிருந்து 35க்கு இறங்குவது எட்டில் ஒரு பங்கை விடுவது. 5இலிருந்து 0க்கு இறங்குவதோ முழுவதையும் விடுவது. கழித்தற்கணக்கில் இரண்டும் ஐந்தேயாயினும் உடலுக்கு இரண்டும் ஒன்றல்ல. மேலும், 5 அளவுக்கு வந்தபின்னரே உறங்கிய சுரப்பிக்கு ஏவல் மீண்டும் எழத் தொடங்கும். ஆகவே கடைசிப் படிகளிலேயே பொறுமை மிக வேண்டும்.

நான்காவதாக, ஐயம் இருப்பின் சுரப்பியைச் சோதித்தறியலாம். காலையில், அன்றைய குளிசையை உண்ணுமுன், குருதியை எடுத்துக் கோர்ட்டிசோலை அளப்பர். லீற்றருக்கு 300 நனோமோலுக்கு மேலிருப்பின் சுரப்பி விழித்துவிட்டது எனலாம். 150க்கும் 300க்கும் இடைப்பட்டால் இயல்பளவு மருந்தைத் தொடர்ந்து, சில வாரங்களின் பின் மீண்டும் சோதிப்பர். 150க்குக் கீழாயின் இன்னும் சில மாதங்கள் காத்திருக்க வேண்டும். ஐரோப்பிய, அமெரிக்க ஓமோன் வைத்திய சங்கங்கள் இணைந்து 2024ஆம் ஆண்டில் வெளியிட்ட நெறிமுறை இவ்வெண்களையே காட்டுகின்றது.

மருந்தைக் குறைத்தால் நோய் கட்டாயம் மீளுமோ என அஞ்சுவோர் உளர். இதற்கு விடை காண ஓர் ஆராய்ச்சி நடத்தப்பட்டு 2020ஆம் ஆண்டில் வெளியாயிற்று. தொசிலிசுமாப் என்னும் புதுமருந்தால் முடக்குவாத மூட்டழற்சி அடங்கியிருந்து, நாளொன்றுக்கு 5 மில்லிகிராம் பிரெட்னிசோன் உண்டுவந்த 259 பேரை இரு கூட்டமாகப் பிரித்தனர். ஒரு கூட்டத்தார் அதே அளவைத் தொடர்ந்தனர். மற்றவர்க்கு நான்கு வாரத்துக்கு ஒரு மில்லிகிராமாகக் குறைத்து 16 வாரத்தில் நிறுத்தினர். தொடர்ந்தவருள் நூற்றுக்கு 77 பேருக்கும் குறைத்தவருள் நூற்றுக்கு 65 பேருக்கும் நோய் கிளம்பாது அடங்கியே இருந்தது. இதனால் இரண்டு உண்மைகள் பெறப்படும். குறைத்தோருட் பெரும்பாலார் மருந்தை விட்டு நலமாயிருந்தனர். ஆயினும் சிலருக்கு நோய் மீண்டது. அவ்வாறு மீண்டால் அது தோல்வியன்று. முன்னைய படிக்குச் சென்று, தங்கி, பின்னர் மெல்ல இறங்கலாம்.

மூன்றையும் பிரித்தறிதல்

மருந்தைக் குறைக்கும்போது உடல் வருந்தினால், அவ்வருத்தம் மூன்றில் எது என்பதை அறிய வேண்டும்.

முதலாவது, நோயே மீள்வது. மூட்டு வீங்கும், தொட்டாற் சுடும், காலை விறைப்பு மீண்டும் நீளும், குருதிச் சோதனையில் அழற்சியின் அடையாளங்கள் கூடும்.

இரண்டாவது, பழகிய மருந்து குறைவதனால் உடல் படும் வாட்டம். தசை நோகும், மூட்டும் நோகும், ஆயின் வீக்கம் இராது. மனஞ் சோரும், உறக்கம் குலையும், எரிச்சல் மிகும். இஃது ஆபத்தன்று. அவ்வளவிலேயே சில வாரங்கள் தங்கினாற் பெரும்பாலும் தணியும். இதனை நோய் மீண்டதென மயங்கிப் பலர் மருந்தை வீணே கூட்டிக் கொள்கின்றனர்.

மூன்றாவது, சுரப்பி போதியளவு சுரவாமை. பசியின்மை, குமட்டல், வாந்தி, மெலிவு, எழும்போது தலைசுற்றல், தாங்கொணாச் சோர்வு என்பன அதன் குறிகள். எம் நண்பருக்கு நேர்ந்தது இதுவே. வாந்தியும் மயக்கமும் சேர்ந்துவிட்டால் வீட்டில் வைத்துப் பார்த்தல் தகாது. காலந் தாழ்த்தாது வைத்தியசாலைக்குக் கொண்டு சென்று, "இவர் ஸ்டெரொயிட் உண்பவர்" என்று முதலிலேயே கூற வேண்டும். அவ்வொரு வாக்கியம் உயிர் காக்கும்.

நினைவில் இருத்த வேண்டியவை

மருந்தின் பெயர், அளவு, தொடங்கிய நாள் என்பவற்றை ஒரு சிறு அட்டையில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருத்தல் வேண்டும். மருந்தை முற்றாக விட்டபின்னும் ஓராண்டளவுக்கேனும் அவ்வட்டையை எறிதல் கூடாது. சுரப்பி முழு வலிமை பெற அவ்வளவு காலமும் செல்லக்கூடும்.

காய்ச்சலோ, விபத்தோ, சத்திரசிகிச்சையோ நேர்ந்தால் உடலுக்குக் கோர்ட்டிசோல் மிகுதியாக வேண்டும். அவ்வேளைகளில் அளவைக் குறைத்தல் ஆகாது. எவ்வளவு உயர்த்துவதென்பதை வைத்தியரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். வாந்தியினால் குளிசை தங்காவிடின் ஊசியே வழி. பிரயாணம் போகுமுன், குளிசை போதியளவு கையிலுண்டோ என எண்ணிப் பார்க்க வேண்டும். கையிருப்பு தீர்ந்தமையும் திடீரென நிறுத்தியமையேயாம்.

நெடுநாள் உண்போர் குருதி வெல்லத்தையும் குருதியமுக்கத்தையும் கண்ணையும் எலும்பையும் காலத்துக்குக் காலம் சோதிப்பித்தல் நன்று. சுண்ணாம்புச் சத்தும் உயிர்ச்சத்து டியும் குறைவுறாமற் பார்த்தல் வேண்டும்.

பெயரில்லாத தூள்களையும் குளிசைகளையும் மூட்டுவலிக்கென வாங்கி உண்போருக்கு ஒரு சொல். அத்தகையவற்றுள் ஸ்டெரொயிட் மறைவாகக் கலந்திருந்தமை பல நாடுகளிற் கண்டறியப்பட்டுள்ளது. ஓரிரு நாளில் அற்புதமாக வலி தீர்ந்தால் மகிழுமுன் ஐயுறுக. மாதக்கணக்காக அவற்றை உண்டவர் நாணாது வைத்தியரிடம் கூறுக. தாமே திடீரென நிறுத்தற்க.

விரதம் பற்றியும் கூற வேண்டும். ஸ்டெரொயிட் உண்பவர் நீரும் உணவுமின்றி நாட்கணக்காக இருத்தல் ஆபத்து. விரதகாலம் வருமுன்னே வைத்தியரைக் கலந்து, எதை உண்டு எவ்வாறு நோற்கலாம் எனத் தெளிக. எம் நண்பர் தேறியபின் தம் கோயிற் குருக்களிடம் இதனைக் கேட்டார். மருந்தும் பாலும் பழமும் கொண்டு நோற்பதில் இழுக்கில்லை என்றும், உடலைக் காப்பதும் கடமையே என்றும் குருக்கள் விடையிறுத்தார்.

முடிவுரை

எம் பிழை இரண்டு. மெதொட்ரெக்சேற்றைக் காலந் தாழ்த்தித் தொடங்கியதால், பாலமாக இருக்க வேண்டிய ஸ்டெரொயிட்டை ஓராண்டுக்கு மேல் நீடிக்க விட்டோம். அது முதற் பிழை. தொடங்கிய அன்றே கைவிடும் முறையைக் கூறாது விட்டோம்; அது இரண்டாம் பிழை. அதன்பின் எம்மிடம் வரும் எவருக்கும் முதற் குளிசையை எழுதும் தாளின் மறுபுறத்தில் இறங்கும் படிகளையும் எழுதிக் கொடுக்கின்றோம். நண்பருக்கும் அவ்வாறே எழுதிக் கொடுத்தோம். மூன்று வாரத்துக்கு ஒரு மில்லிகிராமாக அவர் இறங்கினார். 4இல் நின்றபோது ஒருமுறை மூட்டு வீங்கியது. 6க்கு ஏறித் தங்கி மீண்டும் இறங்கினார். முற்றாக விடுவதற்கு ஓராண்டுக்கு மேற் சென்றது. அடுத்த கந்தசஷ்டியைப் பாலும் பழமும் குளிசையும் கொண்டு நோற்றார். அதற்கடுத்த ஆண்டிற் குளிசை வேண்டியிருக்கவில்லை. சட்டைப்பையில் அட்டை மட்டும் இருந்தது.

மாணவர்களுள் நாளை வைத்தியராக வரவிருப்போருக்கு இதனையே சொல்ல விழைகின்றோம். மருந்தைத் தொடங்கும்போது முடிவையும் உடன் எண்ணுக. எண்ணியதை நோயாளிக்குச் சொல்லுக. பழைய மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் எமது வேண்டுகோள் இது. உம் வீட்டில் ஸ்டெரொயிட் குளிசை உண்பார் எவரேனும் இருப்பின், இம்மலரை மூடி வைத்தபின் அவரிடம் சென்று, இம்மருந்தை எப்படி விடுவதென்று வைத்தியர் சொல்லியிருக்கின்றாரா எனக் கேளும். சொல்லவில்லையெனின், குளிசையை நிறுத்தாது, வைத்தியரிடம் அவரை அழைத்துச் சென்று அதனைக் கேட்டறிய உதவும்.